ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

"எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். டென்ஷனைக் குறைங்க, சரியாயிடும்." மாதக்கணக்கில் வலியோடு அலைபவர்களுக்குப் பழகிப்போன வசனம். இதில் முதல் பாதி தகவல், இரண்டாம் பாதி ஊகம். பதற்ற நோய்க்கும் மனச்சோர்வுக்கும் தனி அறிகுறிகள் உண்டு. அவற்றை விசாரித்துத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். விடை கிடைக்காததையெல்லாம் கொட்டி வைக்கிற கூடை அல்ல மனசு.

ஒரு டெஸ்ட், தான் தேடப்போனது இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். உள்ளங்கால் தீயாய் எரிகிறது என்று போனால், மின்சாரம் வைத்து நரம்பைப் பார்க்கும் என்.சி.எஸ். எடுப்பார்கள். அது தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூடு, குளிர்ச்சியையும் கடத்துபவை மெல்லிய இழைகள். அவை மட்டும் கெட்டிருந்தால் என்.சி.எஸ். நார்மல் என்றே வரும். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். மாதவிடாயோடு வரும் கடும் வலிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) தெரியாமலே போகலாம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடந்து, நடமாட நடமாட இளகுகிறதா? முதுகெலும்பு மூட்டுவாதத்தை நினைக்க வேண்டிய இடம் அது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருடங்கள் ஆகலாம், எம்.ஆர்.ஐ.யில் முன்னதாகவே தெரியக்கூடும். சோர்ந்து வருகிற சிலருக்கு ஹீமோகுளோபின் ஒழுங்காக இருக்கும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே கிடக்கும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதனால் நார்மல் என்று கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். "எதைச் சந்தேகப்பட்டு இந்த டெஸ்ட் எழுதினீங்க டாக்டர்? நோய் இருந்தும் இதில் தெரியாமல் போகுமா? அடுத்து எதைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். சண்டைக் குரல் வேண்டாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

இதைப் படித்துவிட்டு, கண்ணில் பட்ட செக்கப் பேக்கேஜையெல்லாம் எடுத்துத் தள்ளினால் அதுவும் வம்பு. நார்மல் எல்லை என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவு. ஆக, நலமாக இருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட்களை மொத்தமாக எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்குக்கூட ஏதாவது ஒன்று தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை 1:80 பாசிட்டிவ் என்றதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று பயந்து இரவெல்லாம் தேடுவார்கள். அந்த அளவு நலமான பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும். முதுகு வலியே இல்லாத 20 வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும், 80 வயதில் 84 சதவீதம். ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

டெஸ்ட்டே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. முடி கொட்டுகிறது என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு முடிவுகள் தாறுமாறாக வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். கோதுமையை நிறுத்திப் பல மாதம் கழித்து சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்தால், நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கையில் ஃபெரிட்டின் ஏறிப்போய் இரும்புக் குறைவை மறைத்துவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை, என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே போடும் ஸ்டீராய்டு. இரண்டு நாளில் பறந்து வேலை செய்யத் தோன்றும், வீக்கம் வடியும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கும். தடயமும் அதோடு போய்விடும். ஊசியோ மாத்திரையோ, பெயர் எழுதித் தராமல் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் எடுத்துப்போக வேண்டியது, ஒரு மாதத்துக்காவது எழுதிய குறிப்பு. தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; நாள் முழுக்க வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் வலி கூடும். காலை விறைப்பு எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை வலி, தூக்கம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கேட்டதா இல்லையா, மாதவிடாய் நாள். அப்புறம் வலியின் ஜாதி. எரிச்சலா, சுளீரென்று ஷாக் அடித்தாற்போலவா? நரம்பைப் பார்க்கச் சொல்கிறது. விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கிறதா? குடல், சிறுநீர்க்குழாய். ஓய்வில் கூடுகிறதா, அசைந்தால் கூடுகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறதா? "உடம்பெல்லாம் வலிக்குது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. தடிப்பு, வீக்கம், விரல் வெளுத்து நீலமாவது இதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் அன்று மாயமாகிவிடும். வந்தவுடன் போனில் படமெடுத்து வையுங்கள்.

முந்தின இரண்டு நாள் என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மிதமான உழைப்புக்குப் பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாக விழுந்துவிடுவது எம்.இ./சி.எஃப்.எஸ். என்ற நெடுநாள் கடும் சோர்வு நோயின் முக்கிய அடையாளம். உடம்பு முழுக்க நீடித்து வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு, மெல்லத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி நல்ல வைத்தியம். எம்.இ./சி.எஃப்.எஸ்.ஸில் அதே அறிவுரை ஆளைப் படுக்கையில் தள்ளும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் அந்தப் பயிற்சி முறையைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. "எழுந்து நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்கிற உறவுக்காரர்கள் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நின்றால் படபடப்பு, கிறுகிறுப்பு என்பவர்கள் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துப் போகலாம். 10 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பும் பி.பி.யும் பாருங்கள். எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து ஆடாமல் நில்லுங்கள். 10 நிமிடம், நிமிடத்துக்கொரு முறை குறியுங்கள். பி.பி. பெரிதாக இறங்காமல் நாடி படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் (12 முதல் 19 வயதுக்கு 40) கூடி, அப்படியே நின்றால் 'பாட்ஸ்' (எழுந்து நின்றால் நாடி எகிறும் கோளாறு) பற்றி டாக்டரிடம் கேட்கலாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்ய வேண்டாம். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே படுத்துவிடுங்கள்.

ஃபைலைத் தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரே ஒரு பக்கம்: எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் காய்ச்சலோ பிரசவமோ புது மாத்திரையோ உண்டா, இப்போது எதைச் செய்ய முடியவில்லை, எந்த மருந்து கேட்கவில்லை. "ரொம்ப வலி" என்பதைவிட "சட்டை பட்டன் போட முடியவில்லை" என்பது டாக்டர் காதில் ஏறும். எத்தனை ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தாலும் எல்லாக் காகிதமும் திரும்பி வந்து சேர ஒரு பொது மருத்துவர் வேண்டும். அவர் இல்லாமல் ஆள் மாற்றி ஆள் போனால் முதல் மூன்று டெஸ்ட்களையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையே தனி நோயாக 2022-ல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் ஏற்றிருக்கிறது. நரம்பு வலிக்கு இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினால், இணையத்தில் "மனச்சோர்வு மருந்து" என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைப்போல் பல மடங்கு. இது வலிக்கான அளவு. அதே சமயம், தலைவலிக்குச் சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், கலவை மாத்திரைகள் 10 நாளோ என்று மாதக்கணக்கில் போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

பெயர் கிடைத்த பிறகு வேறொரு ஆபத்து. புதிதாக எது வந்தாலும் "அது உங்க ஃபைப்ரோமயால்ஜியாதான்" என்று அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். புது அறிகுறியைப் புதிதாகத்தான் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனைய வியர்ப்பது, மலத்தில் ரத்தம் என்றால் அந்த வாரமே டாக்டர். தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, கை கால் திடீரென்று பலமிழப்பது, நெஞ்சு வலி, வாழ்நாளில் காணாத தலைவலி நொடியில் தாக்குவது என்றால் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.