ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கியதுதான் வினை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளோடு கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறினேன். எனக்கு வயது 47. பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நிற்பேன், ஆனால் நடக்கமாட்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷக் கடனை ஒரே காலையில் அடைத்துவிடலாம் என்று நினைத்தது என் புத்தி. 1791-ல் வெள்ளைக்காரப் படை ஏறிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிய மலை அது. நான் ஏறிவிட்டேன். மூச்சு வாங்கியது, வியர்த்தது, அவ்வளவுதான். மேலே நின்று ஊரைப் பார்த்து நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, மகளுக்குப் போட்டியாகக் குதித்துக் குதித்து இறங்கினேன். மதியம் களியும் கீரைக் குழம்பும் நன்றாக இறங்கின. இரவு நல்ல தூக்கம். உடம்பு இன்னும் கெட்டுப்போகவில்லை என்று பெருமை வேறு.

திங்கட்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கும்போது தெரிந்தது. முன்தொடை இரண்டும் என்னுடையவை இல்லை. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். உட்காரும்போது ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு, பாதி வழியில் கண்ணை மூடி, மீதியை கடவுளிடம் விட்டேன். எழுந்த கதையை எழுதவில்லை. கடையில் ஏ4 பேப்பர் கட்டுகள் கீழ்த்தட்டில் இருக்கும். அன்று குனிந்து எடுக்க முடியாமல், ஆதார் நகல் எடுக்க வந்த பையனையே எடுத்துத் தரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம்.

இதற்குள் ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்துக் கடைக்காரர், ஒரு வாரம் அசையாமல் இரு என்றார். மருந்துக்கடையில் வலி மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். ஜிம்முக்குப் போகும் சொந்தக்காரப் பையன் ஒருவன், "வலிச்சாத்தான் மாமா சதை ஏறும், இன்னைக்கே இன்னொரு தடவை ஏறுங்க" என்றான். அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்தபடி, "படுக்காதடா, சும்மா தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வா" என்றாள்.

என் ஓட்டு அம்மாவுக்குத்தான். ஆனால் அவள் சொல்வதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். "லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது" என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது சதை கடுமையாக உழைக்கும்போது ஊறுகிற அமிலம். ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கரைந்துபோனது செவ்வாய்க்கிழமை எப்படி வலிக்கும்? பழகாத வேலையில் தசைநார்களுக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுவதுதான் காரணமாக இருக்கும் என்று 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எழுதிவிட்டார். சேதமும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும்தான் வலி என்பதே இன்றைக்கும் பொதுவான விளக்கம். அது 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்கும்.

ஏறியதில் வராத வலி இறங்கியதில் ஏன் வந்தது? கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். நிறைகுடத்தை மேலே இழுப்பது ஒரு வேலை. அதே குடத்தை, கயிறு கைநழுவாமல் மெல்ல மெல்ல உள்ளே விடுவது வேறு வேலை. படி இறங்கும்போது முன்தொடைச் சதை உடம்பு எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காது, சுலபம் போலத் தெரியும், ஆனால் சேதம் அங்கேதான் அதிகம். தீர்த்தமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மறுநாள் வீட்டுப் படியில் ஏறிவிடுவார்கள், இறங்கத்தான் அழுவார்கள்.

சரி, செவ்வாய் மாலை அம்மா பேச்சைக் கேட்டு நடந்தேன். முதல் ஐந்து நிமிடம் வாத்து நடை. பத்தாவது நிமிடத்தில் தொடை இளகியது. இருபது நிமிடம் சமதரையில் மெதுவாக நடந்தபோது, வலி போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்து எழுந்தால், பழையபடி "ஐயோ!"

அம்மா பேச்சில் நான் செய்கிற திருத்தம் இதுதான். "நடந்தா வலி விட்டுப்போகும்" என்பது பாதி உண்மை. நடக்கிற நேரத்துக்கும் அதன்பின் கொஞ்ச நேரத்துக்கும் வலி குறையும். சதை ஆறுவதற்கு அது எடுத்துக்கொள்கிற நாட்களை அது எடுத்துக்கொள்ளும், நம் நடை அதைப் பெரிதாக அவசரப்படுத்துவதாகத் தெரியவில்லை. நீட்டி மடக்கும் பயிற்சிகளுக்கும் இதே கதை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2011 ஆய்வுத் தொகுப்பில், ஸ்ட்ரெட்ச்சிங் செய்தவர்களுக்கு 100 புள்ளி அளவுகோலில் ஒன்றிரண்டு, மிஞ்சிப்போனால் நாலு புள்ளிதான் வலி குறைந்திருந்தது. மசாஜுக்கு ஓரளவு நல்ல பெயர் இருக்கிறது. அதற்காகத் தொடை வீங்கின அன்றைக்கே ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜுக்குப் படுத்துவிடாதீர்கள், அந்தக் கைகள் அருவிப் பாறையையே பிசைந்துவிடும்.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? என்னைப் போன்ற ஆளுக்கு ஒரே காரணம் போதும். ஒரு வாரம் படுத்தால் அடுத்த வாரமும் படுப்பேன். என் கடந்த இருபது வருஷ வரலாறு அதுதான். ஜனவரியில் வாங்கிய ஷூ பொங்கலோடு பரண் ஏறும். வலி இருக்கும்போது இருபது நிமிடம் நடந்தது என் தொடைக்காக இல்லை, புதன்கிழமையும் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்றும் அம்மாவால்தான் புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கப் போனவள். பறிப்பு தொடங்கிய முதல் மூன்று நாள் இடுப்பும் தொடையும் கழன்றுவிடும் என்பாள். அப்புறம் முடியும் வரைக்கும் வலியே தெரியாதாம். உடலியல்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அடிபட்டு ஆறிய சதை, அதே வேலை மறுபடி வரும்போது முன்பைவிடக் குறைவாகவே சேதமாகும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். நானும் இரண்டு வாரம் கழித்துக் கோட்டைக்குப் போனேன். இந்த முறை குதிக்காமல் இறங்கினேன். மறுநாள் வலி இருந்தது, ஆனால் டாய்லெட்டில் சுவர் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த ஜிம் பையன் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். ஆறாத சதையில் அதே வேலையை அதே வேகத்தில் போடுவது வீரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிறவனை, தாமதமாக வந்ததற்கு நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே கால் வலி. போட்டான். இரண்டாம் நாள் தொடை கல்லாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிதைந்த தசையிலிருந்து கசிகிற புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் வீட்டாருக்கே விஷயம் விளங்கியது. சிறுநீர் நிறம் அப்படி மாறினால் நடையும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

அதேபோல, இரண்டு காலிலும் மந்தமாக, அழுத்தினால் வலிக்கிற வலியைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். மூட்டுக்குள் குத்துவது, "சுரீர்" என்று ஒரே இடத்தில் வெட்டுவது, ஒரே காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கிச் சூடாவது, இதெல்லாம் வேறு விவகாரம், டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் என்றால் படுத்துக்கொள்ளுங்கள், அம்மா சொன்னாலும் நடக்காதீர்கள். மருந்துக்கடை மாத்திரையை நான் வாங்கவில்லை. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வியர்த்துத் தண்ணீர் வற்றின உடம்போடு அதைச் சும்மா விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.

வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். காலை ஆறு மணி, பழையபேட்டைப் பக்கம் அடிவாரம். மகள் பரீட்சை என்று கழன்றுகொண்டாள், பக்கத்துக் கடைக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார், நம்பவில்லை. திங்கட்கிழமை கடைக்கு வருகிறவர்கள் எதற்கும் கீழ்த்தட்டிலிருந்து பேப்பர் கட்டை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.