அந்த அம்மா சொன்னதில் என்ன தவறு?

நேற்று எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்த அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்தேன். ஊர்ப்பெயரை எழுதப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். வயல் வரப்போரம் ஒரு கல் புத்தர், தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தூக்குவாளியோடு நிற்கிறார். பழைய சின்னங்களைப் பார்க்கும் மரபு நடை என்று நகரத்திலிருந்து போன தம்பிகள் "இது யார் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். "முனிசாமி" என்கிறார். கேமராவுக்குப் பின்னால் சிரிப்பு. கீழே, வரலாறு தெரியாத ஜனங்கள் என்று ஒரு வரி.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பிகளே, அவர் சொன்னதில் என்ன தவறு? புத்தருக்குச் சாக்கியமுனி என்று பெயர். அதில் பாதி மறந்துபோய்விட்டது, மீதிப் பாதி அந்த அம்மாவின் வாயில் இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டவர் புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குத் தொல்லியல் துறையின் ஆய்வறிக்கை தேவைப்பட்டது, பல வருட வழக்கு தேவைப்பட்டது. நீதிமன்றத்துக்கே அவ்வளவு காலம் பிடித்த ஒன்றை ஒரு கிழவி கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். களத்துமேட்டுக்குப் பின்னால், இலுப்பை மரத்தடியில், இடுப்புவரை மண்ணில் புதைந்து. அப்பாயி வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அகல் எடுத்துக்கொண்டு போகும், நானும் பின்னாலேயே ஓடுவேன். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள் மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும். உள்ளங்கையில் வட்டமாக ஒரு சக்கரக் குறி. அதன் பள்ளத்தில் எத்தனையோ வருடத்துக் குங்குமம் எண்ணெயில் குழைந்து மெழுகுபோல உறைந்திருக்கும். அதை நகத்தால் சுரண்டப் போனால் அப்பாயி கையைத் தட்டிவிடும். "சாமிக்கு வலிக்கும்டா" என்று சொல்லும். தலையில் சுருள் சுருளான முடி. சுருள்களுக்கு நடுவே எறும்பு ஊரும். மூக்கு சிதைந்திருந்தது. ஆனால் அந்தக் கல்லில் யாரும் அரிவாள் தீட்டியதில்லை, துணி துவைத்ததில்லை, வாசற்படிக்கு உடைத்துக்கொண்டு போனதில்லை. சாமி என்று நினைத்ததால்தான். முனி என்று பயந்ததால்தான். அந்தப் பயம் இல்லாதிருந்தால், நீங்கள் படம் பிடிக்கச் சிலை ஏது?

படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நாகப்பட்டினத்தைக் கேளுங்கள். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது சமயக் கொடையாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்விட்டன. அதே நாகப்பட்டினத்தில் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய பௌத்தச் செங்கற்கோபுரத்தை 1867இல் இடித்துத் தள்ளினார்கள். இடித்தது எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் அல்ல. விண்ணப்பம் எழுதி, அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, கல்லூரிக் கட்டடம் கட்டுவதற்காக இடித்தார்கள். 1856 தொடங்கி வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ஏறக்குறைய 350 புத்தர் படிமங்கள் இன்று எந்தெந்த நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அந்த 350இல் ஒன்றுக்குக்கூட நாகப்பட்டினத்துக் கிழவி யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. இருந்தும் அவை ஊரில் இல்லை.

எண்ணெயும் விளக்குப் புகையும் கல்லுக்குக் கேடு என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார். பேரன் வயதுப் பிள்ளைகள் கேமராவை நீட்டி அதட்டினால் யார் கேட்பார்கள்?

"அப்படியானால் புத்தருக்குத் திருநீறு பூசி அவர் அடையாளத்தை அழிப்பதை ஆதரிக்கிறாயா?" என்று இன்று காலையிலேயே ஒருவர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார். இல்லை. அவர் புத்தர்தான். அந்தப் பெயரை ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும், பலகை வைத்தே சொல்ல வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தரைப் புத்தர் என்று தெரிந்தேதான் ஊர் கும்பிடுகிறது. பெயர் தெரிந்ததால் அங்கே யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. வேண்டுமென்றே மறைப்பவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தே வேறு பெயர் சூட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அந்த அம்மா எதை மறைத்தார்? அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் அகழ்ந்தெடுக்கப்பட்டன என்று பள்ளிக்கூடத்தில் எனக்கே யாரும் சொன்னதில்லை. மணிமேகலையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். இருபது வருடம் படித்த எனக்கே இந்த நிலை. களை பறிக்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்குமே என்று இன்னொருவர். இதைத்தான் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. எங்கள் ஊர்ச் சிலையை அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் எட்டாம் வகுப்பு. ஒரு வேன் வந்தது, நாலைந்து பேர் கடப்பாரையோடு இறங்கினார்கள். ஊரில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கோல் பரப்பி, சாக்கைச் சுற்றி ஏற்றினார்கள். அப்பாயி ஓடிவந்து, தலைப்பக்கம் பார்த்துத் தூக்கச் சொல்லிக் கெஞ்சியது. "தள்ளு பாட்டி" என்றார்கள். பல வருடம் கழித்து அவரை ஓர் அலுவலக வளாகத்தில் பார்த்தேன். சுற்றுச்சுவரோரம், உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில், தோளில் வெள்ளை பெயிண்டில் ஓர் எண். கையிலிருந்த குங்குமம் மழையில் கரைந்து போயிருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதிய ஒரு சீட்டுகூட இல்லை. அப்பாயி சாகும்வரை அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் விளக்கு வைத்தது. அதையும் யாராவது படம் பிடித்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அந்தக் காணொளி இதை எழுதும் இந்த நேரம்வரை அப்படியே இருக்கிறது. அதை எடுத்த தம்பிகளில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். சிலையின் படம் இருக்கட்டும். அந்த அம்மாவின் முகத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அவர் பெயரைக் கேளுங்கள், புத்தரின் பெயரைச் சொல்லுங்கள்.