'ரியோ' வீடியோக்கள் எடுக்கப்பட்டது இந்தியாவில் அல்ல

பிரிட்டிஷ் இசைக்குழுவான டுரான் டுரானின் இரண்டாவது ஆல்பமான 'ரியோ'வின் வீடியோக்கள் இந்தியாவில் எடுக்கப்பட்டவை, அவற்றால் ஆல்பம் வெளியானதுமே அமெரிக்காவில் விற்றுத் தீர்ந்தது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

'ஹங்கிரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ பிரேயர்' ஆகிய இரண்டு பாடல்களின் வீடியோக்களும் 1982இல் இயக்குநர் ரசல் மல்காஹி இலங்கையில் எடுத்தவை. 'சேவ் எ பிரேயர்' வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். மேலிருந்து காட்டப்படும் அந்தப் பெரும் பாறை சிகிரியா! பொலன்னறுவையின் இடிபாடுகளும் அதில் வருகின்றன. இவ்வளவு தெளிவாக அடையாளம் தெரியும் இடங்களை 'ஏதோ ஓர் இந்தியக் கோயில்' என்று கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 'ரியோ' பாட்டின் படகுக் காட்சிகள் ஆன்டிகுவாவில் எடுத்தவை.

அப்புறம் விற்பனை. 1982 மே மாதம் வெளியானபோது பிரிட்டனில் ஆல்பம் 2ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இசைத் தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாம் சில பாடல்களை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தார், அந்த ஆண்டின் இறுதியில் ஆல்பம் அங்கே மறுபடி வெளியானது. அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி இந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது உண்மைதான். ஆனால் 'ஹங்கிரி லைக் த வுல்ஃப்' அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடத்தைத் தொட்டது 1983இல்தான்.