அரை மீசை வழக்கு

(மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு முடிதிருத்தும் கடை. நாற்காலியில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னையா. கையில் சவரக்கத்தியோடு, மன்னார்குடியிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்திருக்கும் செல்வம்.)

செல்வம்: ஐயா, ஒரு சந்தேகம். சுல்தான் யாரையாவது அடித்துவிட்டால் வழக்குப் போடுவார்களா?

பொன்னையா: முதலில் கத்தியைக் கழுத்திலிருந்து எடு. இப்படிப்பட்ட கேள்வியைச் சீப்பு பிடித்திருக்கும்போது கேட்க வேண்டும்.

செல்வம்: எடுத்துவிட்டேன். சொல்லுங்கள்.

பொன்னையா: 1993க்கு முன்னால் வாய்ப்பே இல்லை. சுல்தான் போன்ற மாநில மன்னர்களைத்தான் ‘ஆட்சியாளர்கள்’ என்போம்; ஆட்சியில் இருக்கும்வரை அவர்களை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. 1992 கடைசியில் ஜொகூர் மாநிலத்தில் ஒரு ஹாக்கிப் பயிற்சியாளர், அந்த மாநில சுல்தான் தன்னை அடித்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார். மகாதீர் அப்போது பிரதமர். நாடாளுமன்றத்தைக் கூட்டி, அரசியலமைப்பையே திருத்திவிட்டார்.

செல்வம்: ஒரு ஹாக்கிக்காக அரசியலமைப்பா! எங்கள் ஊர்க் கபடியில் மண்டை உடைந்தால்கூட மஞ்சள்பொடிதான் வைப்பார்கள்.

பொன்னையா: ஓரத்தைக் கவனித்து வெட்டு, பேச்சில் கையை விட்டுவிடாதே.

செல்வம்: அப்படியென்றால் இப்போது நம்மைப் போலவே வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏற வேண்டுமா?

பொன்னையா: அது எப்படி? அவர்களுக்கென்று சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. நாட்டின் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார். உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவர் உடன் அமர்வார்கள். மற்ற இருவரை ஆட்சியாளர்கள் மன்றம் நியமிக்கும்.

செல்வம்: அந்த மன்றத்தில் யார் இருப்பார்கள்?

பொன்னையா: ஆட்சியாளர்கள்தாம்.

செல்வம்: அட, மாப்பிள்ளை வீட்டாரே பந்தியும் பரிமாறுகிறார்கள்!

பொன்னையா: மெதுவாகப் பேசு, கதவு திறந்திருக்கிறது. அதுவும் அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டத்துறைத் தலைவர் சம்மதித்தால்தான் வழக்கே. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்ட உடனே ஆட்சியாளர் தம் ஆட்சிப் பணிகளை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செல்வம்: தீர்ப்புக்கு முன்னாலேயேவா? எங்கள் ஊர் அரசியல்வாதிகள் காதில் இது விழுந்தால் மயங்கி விழுவார்கள்.

பொன்னையா: ஒரு நாளுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தால் பதவியே போய்விடும்.

செல்வம்: சரியாக ஒரு நாள் என்றால்?

பொன்னையா: தப்பித்துவிடும்.

செல்வம்: ஒரு நாளும் அரை மணி நேரமும் என்றால்?

பொன்னையா: தம்பி, நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். என் நேரம், சவரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேன்.

செல்வம்: இதுவரை யாராவது அங்கே தோற்றிருக்கிறார்களா?

பொன்னையா: 2008இல் நெகிரி செம்பிலான் மாநில ஆட்சியாளர் ஒரு வங்கிக்குச் சுமார் பத்து லட்சம் அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது கடன் விவகாரம், அடிதடி இல்லை.

செல்வம்: நல்லது. என்னை யாராவது மன்னர் அடித்தால் நானும் அங்கே போகிறேன்.

பொன்னையா: நீ போக முடியாது. 1996இல் சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் பகாங் மாநில சுல்தான்மீது அவதூறு வழக்குப் போட்டார். இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செல்வம்: அப்படியென்றால் என் பெர்மிட்டில் அடி வாங்க அனுமதி உண்டு, அழுவதற்குத்தான் இல்லை!

(கோபத்தில் செல்வத்தின் கை சற்று வேகமாகப் போகிறது. சிறு மௌனம்.)

பொன்னையா: தம்பி… மேலுதட்டில் காற்று படுகிறதே.

செல்வம்: இடது பக்கம் மட்டும்தான் ஐயா.

பொன்னையா: என் மீசை! என் கல்யாணப் புகைப்படத்தில் இருக்கும் மீசை!

செல்வம்: பதற்றப்படாதீர்கள். மன்னித்தாகிவிட்டது.

பொன்னையா: யார் யாரை மன்னித்தது?

செல்வம்: நானே என்னை.

பொன்னையா: சுல்தானுக்கே அந்த உரிமை இல்லையடா! ஆட்சியாளருக்கு மன்னிப்பு வேண்டுமென்றால், அதை ஆட்சியாளர்கள் மன்றம்தான் வழங்க வேண்டும்.

செல்வம்: அவ்வளவுதானே? எதிர்க் கடைக்காரரையும் பக்கத்துத் தெருக் கடைக்காரரையும் உடனே கூப்பிடுகிறேன். நிச்சயம் மன்னிப்பார்கள். வாரம் ஒரு மீசையாவது எடுக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது.