அப்பீல் போட்டதும் ஜீவனாம்சம் நின்றுவிடாது

"குடும்ப நீதிமன்றம் ஜீவனாம்சம் கட்டச் சொன்னால் கவலை வேண்டாம். ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டுவிட்டால், தீர்ப்பு வரும்வரை ஒரு பைசா கட்டத் தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் சிறை வரை போக நேரிடும்.

மேல்முறையீடு தாக்கலானதாலேயே கீழ்நீதிமன்ற உத்தரவுக்குத் தடை வந்துவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 5ஆம் விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தடை வேண்டுமென்றால் தனி மனு போட்டுக் கேட்க வேண்டும். அப்போதும், நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வா என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை விதிப்பது சாதாரணம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில், அதாவது இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144ஆம் பிரிவில், குடும்ப நீதிமன்றம் போட்ட ஜீவனாம்ச உத்தரவு என்றால் அப்பீலே கிடையாது, சீராய்வு மனுதான் (உத்தரவு சரியா என்று பார்க்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு). அதைப் போட்டாலும் தானாகத் தடை வராது. கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி கழியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

குழந்தையை ஒப்படைக்கச் சொன்ன உத்தரவும் அப்படியே: தடை கிடைக்காதவரை ஒப்படைத்தாக வேண்டும்.

அப்பீல் உங்கள் உரிமை, தாராளமாகப் போடுங்கள். கூடவே தடை மனுவையும் போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். தடை கிடைக்கும்வரை மாதத் தொகையைக் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.