ஞாயிற்றுக்கிழமை யாருக்கய்யா லீவு?

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இத்தனை கனிவாக ஆரம்பித்து அது ஒரு நல்ல சேதி சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. பராமரிப்புப் பணி காரணமாக இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை சென்னைக் கடற்கரை செல்லும் மின்சார ரயில்கள் ரத்து. என்றைக்கு? ஞாயிற்றுக்கிழமை. எப்பவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

கேட்டால், அன்றைக்குக் கூட்டம் குறைவாம். ஆபீஸ் கிடையாதாம். இதைச் சொல்கிறவர் ஒரு ஞாயிறு சாயங்காலமாவது மாம்பலத்தில் இறங்கிப் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். ரங்கநாதன் தெருப் பக்கம் நீங்கள் நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த நெரிசல் தாங்காமல்தானே ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை கட்டி 2023-ல் திறந்தார்கள்? கூட்டம் நடக்கத் தலைக்கு மேல் பாலம் கட்டுவீர்கள், அந்தக் கூட்டம் வந்து இறங்கும் வண்டியை ஞாயிறானால் நிறுத்துவீர்கள். நல்ல கணக்கு.

என் கதையைச் சொல்கிறேன். வீடு தாம்பரத்துக்கு அப்பால். வேலை எழும்பூர்ப் பக்கம் ஒரு மருந்தகத்தில். வார லீவு செவ்வாய்க்கிழமை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஷிப்டு. ஞாயிறு என்பதற்காக யாருக்கும் சர்க்கரை இறங்குவதில்லை, பிரஷர் குறைவதில்லை, ஆகவே கடை திறந்திருக்கிறது, நானும் போகிறேன்.

நான் பரவாயில்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஜவுளிக்கடைப் பெண்களைப் பாருங்கள். வாரம் முழுக்க அவர்களுக்கு வேலைதான், அதிலும் ஞாயிறு இரண்டு மடங்கு. புடவையைப் பிரித்துக் காட்டிக் காட்டி மணிக்கட்டு வலிக்கிறது என்று வண்டியில் பேசிக்கொண்டு வருவார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தினார்கள். சரி, கடையில் நாற்காலி கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் நின்ற கால் மறுபடி பிளாட்பாரத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறதே, அதற்கு எந்தச் சட்டம்? அப்புறம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர்கள், வார்டு நர்ஸ்கள், அடுக்குமாடி வாட்ச்மேன்கள், அரசுத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள். ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தேர்வுக் கூடத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். வண்டி ரத்து என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆபீஸ்காரருக்கு லீவு என்றால் ஊருக்கே லீவு என்று யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இந்த ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாயை நம்பி ஏறுகிறவனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இது ஏன் யார் மண்டையிலும் ஏற மாட்டேன் என்கிறது?

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றே காலுக்கு ஸ்டேஷனுக்குப் போனால் கவுன்டர் கண்ணாடியில் ஒரு தாள். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது, ஓரத்தில் அந்தக் கிழிசல்கூட இருந்தது. நீல மையில் “தாம்பரம் வரை மட்டும்” என்று எழுதி, மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு செல்லோ டேப். கீழ் டேப் பிய்ந்து, ஃபேன் காற்றில் தாள் மேலே சுருண்டு சுருண்டு மூடிக்கொள்கிறது. படிக்க வேண்டுமென்றால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய நகரத்தின் ரயில் நின்ற சேதி அந்தத் தாளில்தான் இருந்தது.

அங்கேதான் பூக்காரம்மா நின்றிருந்தார். தினமும் பார்க்கிற முகம். விடியற்காலையில் உதிரி வாங்கி, வீட்டில் கட்டி, பதினொன்றரை வண்டியில் மாம்பலம் போய் சாயங்காலம் வரை விற்பவர். கூடையில் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. தாளைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு தம்பி?” என்றார். சொன்னேன். “தாம்பரத்துல எறங்கி?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “மல்லி என்ன அரிசியா தம்பி, நாளைக்கு விக்கலாம்னு எடுத்து வைக்க?” என்று கேட்டுவிட்டு ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்து மொட்டுகள் அதற்குள் வாய் திறக்க ஆரம்பித்திருந்தன.

தாம்பரம் வரை ‘சிறப்பு ரயில்’ வந்தது. இந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வழக்கமாக ஓடுகிற வண்டியை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் பாதி வழி விட்டு, அதற்குப் பெயர் சிறப்பு! இலையிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டு ஊறுகாயை மட்டும் விட்டு, ‘விசேஷ விருந்து’ என்பது மாதிரி.

தாம்பரத்தில் அத்தனை சனமும் ஜிஎஸ்டி ரோட்டில் கொட்டியது. “மெட்ரோவில் போகலாமே” என்று வீட்டில் இருந்துகொண்டு யோசனை சொல்கிறவர்களே, தாம்பரத்தில் மெட்ரோ எங்கே இருக்கிறது? அது விமான நிலையத்தோடு நிற்கிறது. அதுவரை பஸ்ஸில் போக வேண்டும், பஸ்ஸிலோ படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. பெண்களுக்கு இலவசமாக வரும் பிங்க் பஸ் இரண்டு நிற்காமலே போயின. ஷேர் ஆட்டோக்காரர் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னார். அவரையும் திட்ட மனம் வரவில்லை, அவருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேராக, பூக்கூடையை என் மடியில் வைத்துக்கொண்டு கிண்டி வரை போனோம். கடைக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டே கால். அரை நாள் சம்பளம் போச்சு. சட்டையில் மட்டும் மல்லி வாசனை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கிளம்பி வருவார்கள். பராமரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம் இது. நள்ளிரவு வரை வண்டி, மறுபடி நாலு மணிக்கெல்லாம் முதல் வண்டி. நடுவில் கிடைக்கிற நேரத்தில் தண்டவாளம், பாயின்ட், மேலே கம்பி, சிக்னல் எல்லாம் பார்த்து முடியாது என்பது எனக்கும் புரிகிறது. கொளுத்தும் வெயிலில் ஜல்லிமேல் நின்று வேலை செய்கிற அந்தத் தொழிலாளிகளுக்கும்தான் ஞாயிறு கிடையாது. என் சண்டை அவர்களோடு இல்லை. வண்டியை நிறுத்தும் முன் அதில் ஏறுகிறவன் எப்படிப் போவான் என்று ஒரு நிமிடம் யோசிக்காத மேஜையோடுதான்.

யோசித்தால் வழி இல்லாமலா போகும்? தாம்பரத்தில் இறக்கிவிடும் நேரத்துக்கு வாசலில் பத்து பஸ் நிற்கக் கூடாதா? சீசன் டிக்கெட்டைக் காட்டினால் அன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளக் கூடாதா? 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக வண்டிகளைக் குறைத்தபோது கூடுதல் பஸ் விட்டார்கள்தானே, அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. டிக்கெட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. டிக்கெட் கொடுக்கிறவர்கள்தான் பேசிக்கொள்வதில்லை.

தேதி சொல்வதில் இருக்கும் பொறுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது பாதை போட, வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரும் பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27 முதல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு வண்டி போனது 2024 அக்டோபர் 29. எண்ணிப் பாருங்கள், பதினாலு மாதம். பாதையின் நீளம் நாலு கிலோமீட்டர் சொச்சம். வேளச்சேரியிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போனவர் இதற்குள் பைக் வாங்கி, தவணையும் பாதி கட்டியிருப்பார். அப்புறம் வண்டியில் ஆளே இல்லை என்று அறிக்கை எழுதுவார்கள்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? இங்கேதான் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. எங்கள் வண்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரத்துச் செய்தி வந்ததும் முதலில் ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை போடுவார். ஒருவர் வடிவேலு படம் போடுவார். ஒருவர், “மும்பையா இருந்தா கொளுத்தியிருப்பான்” என்று வீரம் பேசுவார். அண்ணே, மும்பையிலும் ஞாயிறானால் மெகா பிளாக்தான், அதாவது பராமரிப்புக்காகத் தடத்தை அடைப்பதுதான். ஆனால் அங்கே எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டி ஓடும் ஸ்லோ லைனை அடைத்தால், வண்டியைப் பக்கத்து ஃபாஸ்ட் லைனில் திருப்பி விடுவார்கள், முழுசாகக் கையை விரிப்பதில்லை. இப்படிக் காலை பத்து வரை பேசுவோம். பதினொன்றுக்கு யாராவது பேரன் பிறந்த சேதி போடுவார், எல்லோரும் வாழ்த்துக்குப் போய்விடுவோம்.

பிளாட்பாரத்திலும் அதே கதைதான். யாராவது ஒருவர் கவுன்டரில் போய்க் கத்துவார். உள்ளே இருக்கும் அந்தப் பெண் என்ன செய்வார்? தாளை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டியிருக்கிறார். அவர் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகவும் அதே வண்டிதான். புகார்ப் புத்தகம் கேட்டு நான்கு வரி எழுத நமக்கு நேரமில்லை. வண்டி வந்தால் போதும், முதல் ஆளாகத் தொற்றிக்கொள்கிறோம்.

தொற்றிக்கொள்வது என்றால் விளையாட்டில்லை. 2018 ஜூலை 24-ஐ இந்தத் தடத்தில் போகிற யாரும் மறக்க மாட்டார்கள். அன்றைக்கு மின்கம்பிக் கோளாறு. மின்சார ரயிலை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். இருக்கிற கூட்டமெல்லாம் ஒரே வண்டியில், படிக்கட்டில் கொத்துக் கொத்தாக ஆட்கள். பரங்கிமலையில் பிளாட்பாரத்தை ஒட்டிய கான்கிரீட் சுவர் அடித்து உயிர்கள் போயின. அதற்கப்புறமும் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதிவைத்து நமக்கே புத்தி சொல்கிறார்கள். நாலு வண்டிக் கூட்டத்தை ஒரு வண்டியில் ஏற்றினால் நாலில் மூன்று பங்கு எங்கே நிற்கும்? படியில்தான் நிற்கும். அந்த வாசகத்தை ரத்து உத்தரவில் கையெழுத்துப் போடுகிற அறையில் எழுதி மாட்டுங்கள்.

போன வாரம் கிண்டியில் இறங்கும்போது பூக்காரம்மா என் நம்பரைக் கேட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் செயலி வராது, வாட்ஸ்அப் வராது, ஒலிபெருக்கிக்காரர் கனிவாகக் கூப்பிடவும் மாட்டார். சனிக்கிழமை ராத்திரி நான் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நேற்று கூப்பிட்டேன்.

“நாளைக்கு ஓடுதா தம்பி?”

“பத்து மணி வரைக்கும்தாம்மா. அப்புறம் நாலு மணிக்கு மேல.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

“அப்ப மூணு மணிக்கே எந்திரிச்சு உதிரிக்குப் போகணும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.