ஸ்னாப்ஷாட் பற்றியும் சொல்லுங்கள்
விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் நிறுவுவதைப் படிப்படியாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அதற்கு 1 ஜிபி ராம் ஒதுக்கினால் போதும் என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். உபுண்டு 22.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி தேவை என்று உபுண்டு தரப்பினரே சொல்கிறார்கள். 1 ஜிபியில் மெனுவைத் திறந்தாலே திணறும், புதிதாக வருபவர் லினக்ஸே இப்படித்தான் போல என்று ஓடிவிடுவார். கணினியில் இருப்பதே 4 ஜிபி என்றால் உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டு போதும்.

விர்ச்சுவல்பாக்ஸில் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 64 பிட் இல்லாமல் 32 பிட் மட்டும் தெரிந்தால், முதலில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல், கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து உபுண்டுவை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை மூன்று முறை டவுன்லோடு செய்தவன் நான்.

மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் பற்றி ஒரு வரிகூட இல்லையே! நிறுவி முடித்த கையோடு ஒன்று எடுத்து வைத்தால், பிறகு எதைக் கெடுத்தாலும் ரீஸ்டோர் கொடுத்துப் பழைய நிலைக்கு வந்துவிடலாம். சோதித்துப் பார்க்கவே ஒருமுறை உபுண்டுவின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி (/etc) கோப்புறையை மொத்தமாக அழித்தேன். மறுபடி பூட்டே ஆகவில்லை. ரீஸ்டோர் செய்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நின்றது. மெய்நிகர் கணினியும் நிஜக் கணினியும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஃபோல்டரில் மட்டும் கவனம் தேவை. அதில் இருப்பவை வெளியே உள்ள நிஜக் கணினியின் கோப்புகள், அழித்தால் ஸ்னாப்ஷாட் மீட்டுத் தராது.